சுனைக்குத் திரும்பிய அரை மிடறு

அன்று பொழுது சாயும் நேரத்தில் கரட்டுமலைச் சுனைக்கு வந்தவர்கள் இவர்கள்: மலைப்பாம்பு, கரடி, உடும்பு, செதில் போர்த்த அழுங்கு, பெண் தேவாங்கு, அவள் கணவன், கீரி, மயில், நரி, முள்ளம்பன்றி, தேனெடுக்கிற சடையன், அவன் மனைவி மூக்காயி, கடைசியாகச் சுனையைக் காக்கிற ஆமை. மொத்தம் பதின்மூன்று பேர். நின்ற வரிசையும் இதுதான். வயதில் மூத்தவர்கள் முதலில், துக்கம் நடந்த வீட்டார் அடுத்து, மற்றவர்கள் அதன் பிறகு, காவல்காரர் எல்லாருக்கும் பின்னால். அது அவர்கள் வழக்கம்.

விலங்கும் பறவையும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய காலம் அது. அதனால் எல்லாரையும் அவன், அவள், அவர் என்றே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் உறக்கம் யாருக்கும் தானாக வராது. மலையின் மேற்குப் பக்கம், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சிறிய சுனை இருந்தது. மாலையில் அங்கே போய் ஆளுக்கு ஒரு மிடறு குடிக்க வேண்டும். குடித்தவர் தன் இடத்தில் போய்ப் படுத்தால் விடியும்வரை ஒரே உறக்கம். இடையில் விழிப்பு என்பதே கிடையாது.

கனவு அப்போதும் உண்டு. ஆனால் கனவுக்குள் இருப்பவருக்கு அது கனவு என்று தெரியாது. எழுந்த பிறகு கண்டது ஒன்றும் நினைவிலும் நிற்காது. செத்துப்போனவர்களோடு இரவெல்லாம் சிரித்துப் பேசிவிட்டு, காலையில் ஒன்றும் அறியாதவர்களாக எழுந்து இரை தேடப் போவார்கள். துக்கம் பகலோடு நின்றுவிடும். அது எவ்வளவு பெரிய கொடை என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சுனைக்கு ஒரே ஒரு சட்டம்தான். அதன் நீர் ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழக் கூடாது. விழுந்தால் ஊற்று கீழே இறங்கிவிடும். வாயில் எடுத்த நீரைத் திரும்பச் சுனையில் விடக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆடி மாதக் காற்றில் தேவாங்கின் பிள்ளை செத்துப்போனான். அவன் பெயர் இலந்தை. இலந்தைப் பழம் மாதிரியே சின்னதாக, பழுப்பாக இருப்பான். தாய் அவனை ஒரு வேல மரக் கிளையில் விட்டு, “இங்கேயே பிடிச்சுக்கிட்டு இரு, அசையாதே, எறும்பு கொண்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் அசையவில்லை. கிளைதான் முறிந்தது.

அதற்குப் பிறகு தாய் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் மாலையானால் சுனைக்கு வந்து தன் மிடற்றைக் குடித்துவிட்டுப் போவாள். காலையில் எழும்போது அவள் முகம் தெளிந்திருக்கும். எழுந்து சற்று நேரம் கழித்துத்தான் பிள்ளை இல்லை என்பது நினைவுக்கு வரும். முகம் வாடும்.

இப்படி இருக்கையில் கீரிக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. ஒருநாள் அவன் சுனையில் வாய் வைத்து ஒரு மிடறு எடுத்தபோது மூக்கில் கொசு ஏறித் தும்மிவிட்டான். பாதி உள்ளே போனது, பாதி பாறையில் தெறித்தது. சுனை நீர் எல்லார் கண் முன்னாலும் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. ஆமைக்குக் கோபம் தாங்கவில்லை.

“தும்மறவன் எதுக்கய்யா வரிசைக்கு வர்றே? தும்மிட்டு வரவேண்டியதுதானே?”

“தும்மல் என்ன சொல்லிக்கிட்டா வருது மாமா?”

“வாய் பேசாதே. அந்தப் பாறையை ஈரம் காயற வரைக்கும் நக்கு.”

கீரி நக்கினான். நீர் பாறையில் ஊறிவிட்டிருந்தது, நாக்கில் ஒன்றும் ஒட்டவில்லை. நரி பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த மூலையில விட்டுட்டே, பாரு” என்று காட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் கீரி எல்லாரையும் கூட்டிவைத்து ஒரு புதுக் கதை சொன்னான். “சிரிக்காதீங்க. ராத்திரி நான் கனவு கண்டேன். உள்ள இருக்கும்போதே இது கனவுன்னு எனக்குத் தெரிஞ்சுது. இப்பவும் முழுசா நினைப்பிருக்கு.”

“பாறையை நக்கினதுல பித்தம் ஏறிருச்சு” என்றான் நரி.

“போடா. நான் பறந்தேன். கனவுதானே, என்ன ஆயிடும்னு மலை உச்சியில இருந்து குதிச்சேன். பறந்தேன்.”

“பறந்து என்ன பண்ணினே?” என்று மயில் கேட்டாள்.

“உன் தலைக்கு மேல ரெண்டு சுத்து சுத்தினேன். நீ வாயைப் பிளந்து பாத்தே.”

எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். தேவாங்கு மட்டும் போகவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கீரியிடம் வந்தாள்.

“தம்பி, அங்க செத்துப்போனவங்க வருவாங்களா?”

கீரி சுற்றிலும் ஒரு முறை பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “எங்கப்பன் வந்தான் மதினி. காது கிழிஞ்சது கூட அப்படியே இருந்துச்சு. எனக்குத்தான் கனவுன்னு தெரியுமே, வாய் சும்மா இருக்காம, நீ செத்துட்டியேப்பான்னு கேட்டுட்டேன். அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் பாக்கமாட்டாம கண்ணை மூடினேன். அவ்வளவுதான், எல்லாம் கலைஞ்சு போச்சு. அங்க கண்ணை மூடினாலும் கலையுது, ஓடினாலும் கலையுது.”

அவள் காதில் கடைசி வார்த்தைகள்தான் விழுந்தன. நடுவில் சொன்னது விழவில்லை.

“இன்னொண்ணு மதினி. சொல்லலாமா வேணாமான்னு தெரியல. பாதித் தூக்கம்கிறதால எனக்கு விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துருச்சு. உங்க மரத்துப் பக்கம் வந்தேன். நீங்க தூக்கத்துல சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. ‘இலந்தை, எங்கடா ஒளிஞ்சிருக்கே’ன்னு கேட்டீங்க.”

தேவாங்கு கிளையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் பிள்ளை தினமும் வருகிறான். தினமும் அவனோடு விளையாடுகிறாள். காலையில் அத்தனையும் அவளிடமிருந்து போய்விடுகிறது.

கணவனிடம் சொன்னாள். அவன், “வர்றான் இல்ல, அது போதாதா?” என்றான்.

“வந்து என்ன? எனக்கு ஒண்ணும் மிஞ்சலையே.”

“மிஞ்சாம இருக்கிறதாலதான் நாம எழுந்து நடமாடறோம், புள்ள.”

“நீங்க நடமாடுங்க. நான் அவனைப் பாக்கணும். பாக்கிறேன்னு தெரிஞ்சு பாக்கணும். கிளையில தனியா விட்டுட்டுப் போனேனே, அதைப் பத்தி ஒரு வார்த்தை அவன்கிட்டச் சொல்லணும்.”

அன்று மாலையே ஆமையிடம் போய்க் கேட்டாள். “மாமா, எனக்கு இன்னிக்கு அரை மிடறு போதும்.”

“அரையும் கிடையாது, ஒண்ணரையும் கிடையாது. ஆளுக்கு ஒண்ணு.”

“ஒரே ஒரு நாள்.”

“பாதித் தூக்கம் தூங்கறவ கிளையிலிருந்து விழுவா.”

“விழுந்தா விழறேன்.”

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “உங்க வீட்டுல ஒருத்தன் விழுந்தது போதும்மா.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை.

முதலில் சொன்ன அந்த மாலை வந்தது. மலைப்பாம்பு குடித்தார், கரடி குடித்தார், உடும்பு குடித்தார், அழுங்கு குடித்தார். ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டபடி போனார்கள். தேவாங்கு குனிந்து ஒரு மிடறு முழுதாக எடுத்தாள். பாதியை விழுங்கினாள். மீதியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள்.

அவள் யோசித்து வைத்திருந்தது அதுவரைதான். வாயில் இருக்கிற பாதியை என்ன செய்வது என்று யோசித்து வைக்கவில்லை. விழுங்கினால் காரியம் கெட்டது. துப்பினால் தரையில் விழும், ஊற்று இறங்கும், கீரிக்கு நடந்ததுபோல் ஊரே பார்க்கும். சட்டத்தை மீற அவளுக்குப் பயம் மட்டுமில்லை, மனமும் இல்லை. எல்லாரும் குடிக்கிற சுனை. அதில் ஒரு சொட்டைக்கூட வீணாக்கும் குணம் அவளுக்குக் கிடையாது.

அந்த நேரத்தில் பின்னால் ஒரு சத்தம். முள்ளம்பன்றியின் முள் குத்தி நரி கத்தினான்.

“தள்ளி நில்லுன்னு எத்தனை தடவைய்யா சொல்றது உனக்கு?”

“நான் தள்ளித்தான் நிக்கிறேன். என் முள்ளுதான் கிட்ட நிக்குது.”

ஆமை அந்தப் பக்கம் திரும்பினார். தேவாங்கு இன்னொரு முறை குனிந்தாள். நான் எடுக்காததை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன், ஒரு சொட்டும் குறையாது என்று நினைத்துக்கொண்டு, வாயில் இருந்த அரை மிடற்றைச் சுனையில் விட்டாள். நீர் லேசாகக் கலங்கியது. பிறகு தெளிந்தது.

அவள் கணவன் குடித்தான். கீரி, மயில், நரி, முள்ளம்பன்றி குடித்தார்கள். சடையனும் மூக்காயியும் கையில் அள்ளிக் குடித்தார்கள். ஆமை கடைசியாகக் குடித்தார். நீரில் ஏதோ ருசி மாறியதுபோல் அவருக்குத் தோன்றியது. வாயைச் சப்புக் கொட்டிப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை.

தேவாங்கு தன் மரத்துக்குப் போய்க் கண்ணை மூடினாள். திறந்தபோது பட்டப்பகல். அதே வேல மரம். முறிந்த கிளை முறியாமல் இருந்தது. அதன் நுனியில் இலந்தை உட்கார்ந்திருந்தான். இது கனவு என்று தெரிந்தது. தெரிந்தும் வெயில் சுட்டது, மரத்தின் பிசின் மணந்தது.

ஓடினால் கலையும். அதனால் ஒரு கையை எடுத்து வைத்து, அது பிடித்துக்கொண்டதா என்று பார்த்து, பிறகு அடுத்த கையை வைத்து, மெல்ல மெல்ல அவனிடம் போனாள். கண்ணை மூடினால் கலையும். அதனால் இமைக்கவே இல்லை.

“ஏம்மா இப்படி மெதுவா வர்றே?” என்று இலந்தை கேட்டான்.

“சும்மாதான்டா.”

“கால் வலிக்குதா?”

“இல்லைடா கண்ணு.”

அவனைத் தொட்டாள். சூடாக இருந்தான். முதுகில் மயிர் ஒரு பக்கமாகச் சுழித்திருக்கும் இடம் அப்படியே இருந்தது. சொல்ல வேண்டும் என்று வந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. அன்று உன்னைத் தனியாக விட்டுப் போனேன் என்று எப்படிச் சொல்வது? அவனுக்கு அப்படி ஒரு நாள் நடந்ததே தெரியாது. எறும்பு தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு, விளையாட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறான்.

“கண்ணை மூடும்மா. நான் ஒளிஞ்சுக்கறேன்.”

“இன்னிக்கு வேற விளையாட்டு விளையாடலாம்.”

“வேணாம். இதுதான். மூடு.”

“அம்மா பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா உட்காரேன்டா.”

“நேத்து மூடினியே. முந்தாநேத்து மூடினியே. நீ திறந்துக்கிட்டே இருந்தா நான் எங்க ஒளியறது?”

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்களில் நீர் முட்டியது. இமைத்தால் வழிந்துவிடும் என்று இன்னும் அகலமாகத் திறந்தாள். இலந்தை அந்தக் கண்களைப் பார்த்தான். முதலில் சிரிப்பு போயிற்று. பிறகு கொஞ்சம் பின்னால் நகர்ந்தான்.

“ஏன் என்னை இப்படிப் பாக்கறே?”

“எப்படிடா?”

“நான் இல்லாத மாதிரி பாக்கறே.”

இமைக்காமல் இருப்பதற்கே அவளுடைய பலம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது.

“நீ எங்கம்மா இல்ல” என்றான் இலந்தை. “எங்கம்மா கண்ணை மூடுவா.”

திரும்பிக் கிளைக்குள் போனான். அவன் ஓடினான். அவள் ஓட முடியாது. ஒரு கையை வைத்து, பார்த்து, அடுத்த கையை வைத்து, பின்னாலேயே போனாள். இலைகளுக்கு நடுவில் ஒரு முறை அவன் முதுகு தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபடி கிளை கிளையாகத் தேடினாள். தேடிக்கொண்டிருக்கும்போதே வெயில் மங்கி இருட்டாகியது. கனவு எங்கே முடிந்தது, விழிப்பு எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் மரத்தில், இருட்டில், ஒரு கையைத் தூக்கியபடி நின்றிருந்தாள்.

அந்த இரவில் விழித்தது அவள் மட்டுமில்லை. மயில் திடீரென்று கத்தினாள். நரி, நான் விழித்திருக்கிறேனா உறங்குகிறேனா என்று கேட்பதுபோல் ஊளையிட்டான். முள்ளம்பன்றிக்கு உறக்கத்திலேயே முள் சிலிர்த்தது. சடையனுக்கு விழிப்பு வந்தது, ஆனால் கை கால் அசையவில்லை. யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததுபோல் வெகு நேரம் கிடந்தான். மூக்காயி அவனை உலுக்கி எழுப்பினாள். பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

விடிந்ததும் எல்லாரும் சுனைக்கு வந்தார்கள். எல்லார் கண்ணும் சிவந்திருந்தது. முன்னால் குடித்த நால்வர் மட்டும் வரவில்லை. அவர்கள் இன்னும் சுகமாக உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“எங்க அக்கா வந்தா” என்றாள் மூக்காயி. “பாம்பு கடிச்சுச் செத்தவ. செத்துட்டான்னு தெரிஞ்சுக்கிட்டே அவகூடக் கஞ்சி குடிச்சேன். எனக்கு இன்னிக்கு வேலைக்குப் போக உடம்பு வராது.”

“உங்களுக்கு என்ன மாமா வந்துச்சு?” என்று கீரி ஆமையைக் கேட்டான். அவன் குரலில் பழைய துள்ளல் இல்லை.

“வரிசையை எண்ணினேன். எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒண்ணு குறைஞ்சுது.” ஆமை எல்லாரையும் பார்த்தார். “சுனையில யார் என்ன பண்ணினது?”

தேவாங்கு முன்னால் வந்தாள். நடந்ததைச் சொன்னாள். மறைக்கவில்லை, அழவும் இல்லை. அவள் கண்கள் விரிந்தே இருந்தன. மூட முயன்றாள். மூடவில்லை.

நரிக்குக் கோபம் வந்தது. “தரையில துப்பியிருந்தா ஒரு விரல் தண்ணியோட போயிருக்கும். இப்ப மொத்தமும் போச்சே.”

“வீணாக்கக் கூடாதுன்னு நினைச்சேன்” என்றாள் அவள்.

அந்த இடத்தில் நின்றிருந்தால் தாங்களும் அதைத்தான் செய்திருப்போம் என்று பலருக்குத் தோன்றியது. அவ்வளவு கண்டிப்பாகப் பழகியிருந்தார்கள்.

கணவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கும் கண்கள் விரிந்திருந்தன. “எனக்கும் வந்தான், புள்ள” என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். “என்னையும் மூடச் சொன்னான். நானும் மூடல.”

“தெரியாம இருந்தப்ப தினமும் மூடியிருக்கோம்” என்றாள் அவள்.

ஆமை சுனைக்குள் இறங்கிப் பார்த்தார். அரை மிடறு எது, மற்ற நீர் எது என்று பிரிக்க வழியில்லை. ஏக்கம் கலந்த நீர் அடி ஊற்று வரை போயிருந்தது. இனி யார் குடித்தாலும் பாதிதான் உறங்குவார், பாதி விழித்திருக்கும். சடையனும் அப்போதுதான் எழுந்து வந்த கரடியும் சேர்ந்து ஒரு பெரிய கல்லை உருட்டிச் சுனையை மூடினார்கள். கரடி கொட்டாவி விட்டபடியே தள்ளினார். ஆனால் அந்த மாலையில் குடித்த நீர் அவரவர் உடம்பில் ஊறிவிட்டது, உறக்கம் இனிச் சுனை இல்லாமலே வந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கும், பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் அதே உறக்கம்தான் வந்தது.

நமக்கு நடு இரவில் விழிப்பு வருவதும், நெஞ்சில் ஏதோ அமுக்கி அசைய முடியாமல் கிடப்பதும், கனவுக்குள்ளேயே இது கனவு என்று தெரிந்து, கலைந்துவிடுமே என்று பயந்து பயந்து நிற்பதும் அந்த ஒரு மாலையில் தொடங்கியவை. தேவாங்குகள் பகலில் ஒடுங்கி, இரவில் கண்ணை அகல விரித்து, ஒரு கையை வைத்துப் பார்த்து அடுத்த கையை வைத்து, கிளை கிளையாகப் போவதும் அப்போது வந்த பழக்கமே. தேவாங்கு மாதிரி முழிக்கிறான் என்று நாம் சிரிக்கிறோம். அது இலைகளுக்கு நடுவில் ஒரு முதுகைத் தேடிக்கொண்டிருக்கிறது.

அந்த மாலையில் குடித்தவர்கள் பதின்மூன்று பேர். முழு உறக்கம் மிஞ்சியது நான்கு பேருக்கு.